காது கொடுங்க... அதுவும் முதலுதவிதான்!

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த ராத்திரியைத் திருநெல்வேலிக்காரங்க, தூத்துக்குடிக்காரங்க யாராவது மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் தாமிரபரணியே வந்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றது. அதற்கு மேல் போக முடியாதபடி தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்க முடிந்தது. மற்றவர்கள் 19-ம் தேதி மீட்கப்படும் வரை ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். சுற்றிலும் தண்ணீர்... கரன்ட் இல்லை, போனும் இல்லை.

அவர்களுக்குச் சோறு போட்டது யார் தெரியுமா? பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்! அவங்களுக்கும் அதே மழை, அதே வெள்ளம்தான். இருந்தாலும் வீட்டில் இருந்த அரிசியையும் காய்கறியையும் கொண்டு வந்து, கோயிலில் அடுப்பு மூட்டி, முன்பின் தெரியாத ஆட்களுக்கு ஆக்கிப் போட்டார்கள்.

'நல்ல மனசுதான், ஒத்துக்கறோம். இதுல மனநலம் எங்கே வந்தது?' என்று நீங்கள் கேட்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் ஒரு கையேடு வெளியிட்டது. பேரிடரில் சிக்கியவர்களுக்கு உடனடியாகச் செய்ய வேண்டிய 'உளவியல் முதலுதவி' பற்றியது. அதன் சாரம் மூன்றே வார்த்தை: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை, யார் ரொம்பக் கலங்கிப் போயிருக்கிறார் என்று பார்ப்பது முதல் வேலை. அவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்பது அடுத்தது. பிறகு சாப்பாடு, மருந்து, வீட்டுக்குத் தகவல் என்று எது கிடைக்க வேண்டுமோ அதோடு அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒரு வாளி சோற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் வந்தவர்கள் யாரும் அந்தக் கையேட்டைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால், அதில் பாதியை அவர்கள் செய்துவிட்டார்கள்.

மீதிப் பாதிக்குத்தான் பயிற்சி வேண்டும். ஏனென்றால் நல்ல மனசு இருந்தாலும், நாம் தப்பாகச் செய்கிற சில காரியங்கள் உண்டு!

கிளறாதீங்க!

வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு ஆள் வருவார்கள். 'எவ்வளவு தண்ணி வந்துச்சு? எப்படித் தப்பிச்சீங்க? பீரோல இருந்த நகை?' என்று ஆதியோடந்தமாகச் சொல்ல வைப்பார்கள். 'வாய்விட்டுச் சொன்னாத்தான் பாரம் குறையும்' என்று நமக்கு ஒரு நம்பிக்கை. டாக்டர்களுக்கும் ஒரு காலத்தில் அந்த நம்பிக்கை இருந்தது. விபத்தில் தப்பியவர்களை உடனே உட்கார வைத்து, நடந்ததை முழுக்க ஒரே மூச்சில் சொல்ல வைக்கும் பழக்கம் வெளிநாடுகளில் 1980-களிலும் 90-களிலும் பரவலாக இருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில், அது பிற்பாடு வரும் மனப்பாதிப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் பேசாமல் பக்கத்தில் இருங்கள்.

அதேபோல, 'விடுங்க, உசிரு தப்பிச்சதே பெரிய காரியம்' என்கிற ஆறுதல். சொல்கிறவருக்கு அது ஆறுதல்தான். கேட்கிறவருக்கு, 'என் கஷ்டம் இவங்களுக்குப் பெரிசாத் தெரியல' என்றுதான் படும்.

மழை இருட்டினாலே நெஞ்சு படபடக்கிறது, இடி இடித்தால் குழந்தை சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, உறக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது... முதல் சில வாரங்களுக்கு இதெல்லாம் இயல்புதான். பெரும்பாலானவர்களுக்கு நாள் ஆக ஆக, வேலையும் பள்ளிக்கூடமும் வழக்கத்துக்கு வந்ததும் தானே அடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் குறையவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் ஒரு முயற்சி நடந்தது. தற்கொலைத் தடுப்புக்காக 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய அமைப்பு 'ஸ்நேகா'. அதன் தொண்டர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடி ஒரு குப்பத்துக்குப் போனார்கள். உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், மறுபடி மறுபடி போனார்கள். அப்படி யாரும் போகாத இன்னொரு குப்பத்தோடு பிற்பாடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவர்கள் போன இடத்தில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆக, காது கொடுப்பது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வேலை. கற்றுக்கொண்டு செய்தால் பலனும் இருக்கிறது.

'உடம்பு ஒரு மாதிரி கிடக்கு...'

வெள்ளம் என்றைக்கோ வருவது. தினப்படி வாழ்க்கைக்கு வருவோம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சார் ரிட்டயர் ஆகிக் காலமாகி இரண்டு வருஷம். மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூரில். அம்மா மட்டும் தனியாக. பக்கத்து வீட்டுப் பெண் காய்கறிக்காரரிடம் நிற்கும்போது பார்த்துக் கேட்கிறாள்.

"என்ன மைனி, ரெண்டு வாரமா கோயில் பக்கமே காணோம்?"

"ஒண்ணுமில்லம்மா... உடம்பு ஒரு மாதிரி கிடக்கு."

இந்த இடத்தில் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் என்ன சொல்வோம்? "வயசானா அப்படித்தான் மைனி. வெளிய வாங்க, நாலு பேர்கிட்ட பேசுங்க, எல்லாம் சரியாப் போவும்." அவ்வளவுதான், கதவு சாத்தியாச்சு! அந்த அம்மாவும், "ஆமாம்மா" என்று கீரைக்கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

பயிற்சி எடுத்தவர் வேறு மாதிரி கேட்பார். "எப்பத்துலேருந்து மைனி இப்படி இருக்கு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியைத் தன் பேச்சால் நிரப்பாமல் இருப்பதுதான், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம். நாம வாயாடி ஊர்க்காரங்க, கேட்கணுமா!

"தீபாவளிக்கு முன்னாடியே இருந்து இருக்கும்மா. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். பொறவு எங்க உறங்க? சமைக்கவே தோண மாட்டேங்கு. ஒருத்திக்கு என்ன சமையல்னு விட்டுருதேன்."

பார்த்தீர்களா? உறக்கம் கெட்டிருக்கிறது, பசி போயிருக்கிறது, எதிலும் ஆசை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 'மனசு சரியில்லை' என்று நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மேல் வலி, தலை பாரம், வயிறு மந்தம், நெஞ்சு படபடப்பு என்று உடம்பின் பெயரால்தான் சொல்வார்கள். அதனால், முதலில் குடும்ப டாக்டரிடம் போவதுகூட நல்லதுதான். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு போன்றவையும் இதே சோர்வைக் கொண்டு வரும். அதையெல்லாம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அவரே மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுப்பார். மாத்திரை என்றதும் 'அடிமையாகிடுவோமோ' என்று பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதை மாத்திரைகள் அல்ல. ஆனால், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். 'நாலு நாள் போட்டேன், ஒண்ணும் கேட்கல' என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

இந்தக் கேட்கும் கலையை ஒரு வகுப்பாக ஆக்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு தம்பதி. பெட்டி கிச்சனர் ஒரு நர்ஸ். கணவர் ஆன்டனி ஜோர்ம் ஆராய்ச்சியாளர். மாரடைப்புக்கும் எலும்பு முறிவுக்கும் முதலுதவி சொல்லித் தருகிறார்களே, மனசுக்கு ஏன் இல்லை என்று யோசித்து, 2000-ல் 'மனநல முதலுதவி' வகுப்பைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அது பல நாடுகளுக்குப் போய்விட்டது. தேள் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வோம். மனசு ஒடிந்து நிற்கிறவரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று கேட்டால் முழிப்போம்!

பாட்டிமார் போட்ட பெஞ்சு

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே மனநல டாக்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் டிக்ஸன் சிபாண்டா அவர்களில் ஒருவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவில்லை என்று அவள் தாயிடம் கேட்டபோது, பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று பதில் வந்தது. அது அவரை உலுக்கிவிட்டது. நோயாளி நம்மிடம் வர முடியாவிட்டால், நாம்தான் அவர் தெருவுக்குப் போக வேண்டும் என்று 2006-ல் தலைநகர் ஹராரேயில் ஒரு வேலையை ஆரம்பித்தார். அவருக்குக் கிடைத்த ஆட்கள் 14 பாட்டிகள். கிளினிக்குக்குள் இடமும் கிடைக்கவில்லை. அதனால் வெளியே மரத்தடியில் ஒரு மரபெஞ்சு!

பாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். வந்தவர் எல்லாக் கஷ்டத்தையும் சொல்லட்டும். அதில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஒன்றுக்கு அவராலேயே செய்ய முடிகிற சின்ன வழி என்ன என்று அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். பாட்டி புத்திமதி சொல்லக் கூடாது. (பாட்டிகளுக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!) அடுத்த தடவை வரும்போது, அது நடந்ததா என்று கேட்க வேண்டும். 'டிப்ரஷன்' என்ற வார்த்தையே அங்கே கிடையாது. 'குஃபுங்கிசிசா' என்பார்கள். 'ரொம்ப யோசிக்கிறது' என்று அர்த்தம். நம்ம ஊர் அம்மாக்களும் அதைத்தானே சொல்கிறார்கள்? 'ரொம்ப யோசனையாவே இருக்கு, மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு' என்று! இந்தப் பெஞ்சுக்குப் பலன் உண்டா என்று 573 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில், பாட்டியிடம் பேசியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. 2016-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் அது வெளியானது.

'இது நம்ம திண்ணைதானே! படித்துறையில் துணி துவைச்சுக்கிட்டே பேசுனதுதானே!' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்தால், ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. திண்ணையில் சொன்ன விஷயம் அன்று சாயங்காலமே தெருமுனை தாண்டிவிடும். 'அவ மகளுக்கு மனசு சரியில்லையாம்' என்று வரன் பார்க்கிற வீடு வரைக்கும் போய்ச் சேரும். அதற்குப் பயந்துதான் நம் வீடுகளில் மூடி மறைப்பதே! ஆகவே பயிற்சியில் முதல் பாடமே ரகசியம் காப்பதுதான். கேட்டதை உங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், உதவக்கூடியவரிடம் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும்.

அந்த ஒரு கேள்வி

பக்கத்து வீட்டு அம்மாவை விட்டுவிட்டு வந்தோமே... அவர் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொல்கிறார். "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதும்மா. நான் போயிட்டா பிள்ளைகளுக்கும் நிம்மதி."

இதைக் கேட்டதும் நாம் பதறிப்போய், "ச்சீ, வாயை அலம்புங்க மைனி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்போம். பயிற்சி என்ன சொல்கிறது என்றால், நேராகக் கேட்டுவிடுங்கள். "உசிரை மாய்ச்சிக்கலாம்னு நினைப்பு வருதா மைனி?" என்று, அதட்டாமல், அழாமல், சாதாரணக் குரலில். 'அய்யய்யோ, நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிடாதா?' இந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உள்ளே வைத்துத் தவித்தவருக்கு, 'ஒருத்தர் கேட்டுட்டாங்களே' என்று பாதி பாரம் இறங்கும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டாருக்குச் சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து சில குடும்பங்கள் சிகிச்சையையே தள்ளிப் போடுகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்து, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். முயற்சியையே குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்படியே கொண்டுவரப்படவில்லை. ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் எழுதலாம், அது நடைமுறை. அதற்காக ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

வயல் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஏரல் வரைக்கும் ஆற்றங்கரை முழுக்க நெல்லும் வாழையும்தான். பூச்சி மருந்து வீட்டு மாடத்தில், கட்டிலடியில், சமையல்கட்டு மூலையில் என்று கிடக்கும். கோபத்திலோ வருத்தத்திலோ வரும் அந்த வேகம் பல சமயம் சில நிமிஷங்களில் தணிந்துவிடக்கூடியது. அந்த நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் சில கிராமங்களில் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், அதில் ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுப் போட்ட பெட்டி. மருந்து அங்கேதான் இருக்கும். வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கிராமங்களில் பூச்சி மருந்தால் நடந்த தற்கொலைகள் குறைந்தன என்று 2013-ல் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து இலங்கையிலும் கடும் விஷமுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், 1990-களில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பிறகு பெருமளவு இறங்கியது. உங்கள் ஊர் விவசாய சங்கக் கூட்டத்தில் உரம், தண்ணீர் பற்றிப் பேசும்போது, இந்தப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை எடுத்துப் பார்க்கலாமே?

சாமியும் மாத்திரையும்

இனி, கொஞ்சம் கடினமான விஷயம். காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் மருந்து வைக்கிறார் என்று சந்தேகம், தானே சிரிப்பது, குளிக்காமல் கிடப்பது... மனச்சிதைவு நோய் இப்படி வரும். நம் பக்கத்தில் பெரும்பாலும் முதலில் போவது கோடாங்கியிடமும் கோயிலுக்கும் தர்காவுக்கும்தான். அதை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. நிம்ஹான்ஸ் டாக்டர்களே ஒரு முருகன் அடியார் பேரில் உள்ள தமிழ்நாட்டுக் கோயிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே அடி இல்லை, மிரட்டல் இல்லை. கூடவே குடும்பத்தார் இருந்தார்கள். சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள். அதுவே அவ்வளவு செய்திருக்கிறது.

ஆனால், சங்கிலி போட்ட இடத்தில் என்ன நடந்தது? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. வேறு வழி தெரியாத குடும்பங்கள். சாமி கும்பிடுங்கள், நேர்ச்சையும் போடுங்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். எந்த இடமானாலும் கட்டிப் போடுகிறார்கள் என்றால் உடனே கூட்டி வந்துவிடுங்கள்.

இந்த நோய்க்கு மாத்திரை அவசியம். அதோடு நின்றுவிட்டால் போதாது. பல் தேய்ப்பது முதல் பஸ் ஏறி வேலைக்குப் போவது வரை, மறுபடி பழக்க ஒரு ஆள் வேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பும் சேர்ந்து நடத்திய ஒரு ஆய்வில், உள்ளூர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஒரு வருஷம் நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பினார்கள். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா மூன்று இடத்திலும் சேர்த்து 282 நோயாளிகள். 2014-ல் வந்த முடிவு: பலன் உண்டு, ஆனால் மந்திரம் போட்ட மாதிரி இல்லை, ஓரளவுதான். அந்தப் பலனும் காஞ்சிபுரம் கிராமங்களில்தான் நன்றாகத் தெரிந்தது. 'ஓரளவு' என்று உள்ளதை உள்ளபடி சொன்னதே எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வீட்டில் மகன் தானே எழுந்து குளித்து, டீக்கடை வரை போய் வர ஆரம்பித்தால், அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

பேரணி போதுமா?

அக்டோபர் 10 உலக மனநல நாள். 1992-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு மாணவர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள். வெயிலில் கோஷம், முடிவில் பிஸ்கட், பேப்பரில் போட்டோ. தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, தன் மகளை டாக்டரிடம் கூட்டிப் போன தாய் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். மனநோய் பற்றிய வெறுப்பையும் பயத்தையும் குறைப்பதில் சொற்பொழிவைவிட, நோய் வந்து தேறிய ஒருவரை நேரில் பார்த்துப் பேசுவதுதான் அதிகம் பலன் தருகிறது என்று, இதை ஆராய்ந்த 'லான்செட்' நிபுணர் குழு 2022-ல் சொல்லியிருக்கிறது.

ஆகவே உங்கள் குடியிருப்போர் சங்கத்திலோ, மகளிர் குழுவிலோ, ஆபீஸிலோ ஏதாவது செய்ய நினைத்தால், மேடை போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருபது இருபத்தைந்து பேர், வட்டமாக நாற்காலி. யாரைக் கூப்பிடுவது? மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 1996-ல் நாட்டில் நாலே மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒன்று நம்ம திருச்சி. இப்போது தமிழ்நாடு முழுக்க உண்டு. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பார்ப்பதும், பள்ளி கல்லூரிகளில் விழிப்புணர்வு வகுப்பு எடுப்பதும் அவர்கள் வேலையில் சேர்த்திதான். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பேச்சைச் சுருக்கமாக முடித்துவிட்டு, இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்கும் பயிற்சியைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பு வரும். ஐந்து நிமிஷத்தில் சிலர் நிஜமாகவே கண்கலங்கிவிடுவார்கள்.

வழக்கமாக வரும் தலைவர், செயலாளர், பொருளாளரோடு நிறுத்தாதீர்கள். ஸ்கூல் ஆட்டோ ஓட்டுகிறவரைக் கூப்பிடுங்கள். எந்தப் பிள்ளை திடீரென்று பேசாமல் வருகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். மருந்துக்கடைக்காரர், டியூஷன் டீச்சர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பீடி இலை வாங்க வரும் பெண்கள்... இவர்களுக்குத் தெரிகிற வீட்டு விஷயம் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. பொதுத்தேர்வு ரிசல்ட்டுக்கு முன்பு ஒன்று வைத்தால் ரொம்ப நல்லது. ஒரு தடவையோடு முடிந்துவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி கூடிப் பேச வேண்டும். இல்லாவிட்டால் படித்ததெல்லாம் பழையபடி 'எல்லாம் சரியாப் போவும்' ஆகிவிடும்!

இன்னொன்று, கவனிப்பவரைக் கவனிக்க மறந்துவிடாதீர்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பணியாளர்கள் போகிறார்கள். குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பதோடு, தாய்க்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வருஷக்கணக்காக ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க வழி செய்வது, அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய பெரிய உபகாரம். "இன்னைக்கு மத்தியானம் நான் இருக்கேன் அத்தை, நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்ல எந்த வகுப்பும் தேவையில்லை. அதேபோல, கேட்கிறவருக்கும் களைப்பு வரும். அடுத்தவர் துயரத்தை ராத்திரி படுக்கைக்குக் கொண்டு போகிறீர்கள் என்றால், கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்கள். நீங்கள் டாக்டர் அல்ல. சரியான இடத்துக்குக் கைகாட்டிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

கைகாட்ட வேண்டிய நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 14416: மத்திய அரசின் 'டெலி மானஸ்'. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். ஸ்நேகா: 044-24640050. பக்கத்து வீட்டு மைனி மாதிரி ஆட்கள் இதையெல்லாம் தாங்களாகச் சுழற்ற மாட்டார்கள். "நீங்க பேசுங்க மைனி, நான் அடுப்பாங்கரைல காப்பி போடுதேன்" என்று நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்துகொள்ளுங்கள்.